மலை அம்மன்கள்: குணமும் பொறுப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கத்து அம்மன் கோவில்களுக்கு வருகிறவர்களும், இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. புராணம் சொல்வது, பழந்தமிழ் நூல் சொல்வது, மலையின் ஆதி குடிகள் சொல்வது மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாமல் பதில் தந்திருக்கிறோம்.

உக்கிரமான அம்மன், சாந்தமான அம்மன் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

முதலில் சிலையைப் பாருங்கள். தலைக்குப் பின்னால் தீச்சுவாலை போல முடி விரிந்திருக்கிறதா, கடைவாயில் கோரைப்பல் தெரிகிறதா, காலடியில் அசுரன் கிடக்கிறானா, வடக்கு பார்த்து நிற்கிறாளா? இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து இருந்தால் உக்கிர வடிவம். அபய முத்திரை, தாமரை, கிளி, கரும்பு என்று இருந்தால் சாந்த வடிவம்.

இது வெளி அடையாளம்தான். அம்மனின் குணம் அவளிடம் ஒப்படைத்த பொறுப்பிலிருந்து வருகிறது என்பதே நாங்கள் சொல்ல வருவது. ஊர் எல்லையைக் காப்பவளுக்கு வாள் வேண்டும். தானியத்தைப் பெருக்குகிறவளுக்குப் பொறுமை வேண்டும். கொள்ளைநோயை அடக்குகிறவள் அந்த நோயின் சூட்டைத் தன் உடம்பில் வாங்க வேண்டும். ஆகவே ‘இவள் கோபக்காரியா?’ என்று கேட்பதற்கு முன் ‘இவள் எதைக் காக்கிறாள்?’ என்று கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

மாரியம்மன் அம்மை நோயைத் தருகிறவளா, தீர்க்கிறவளா?

இரண்டும் அவள்தான். தமிழ்நாட்டில் பரவலாகச் சொல்லப்படும் கதை ரேணுகையுடையது. ஜமதக்னி முனிவரின் மனைவி ரேணுகை, ஆற்று மணலைத் தன் கற்பின் வலிமையால் குடமாகப் பிடித்து நாள்தோறும் தண்ணீர் கொண்டுவருவாள். ஒருநாள் தண்ணீரில் கந்தர்வனின் நிழலைப் பார்த்து அவள் மனம் ஒரு கணம் தடுமாற, குடம் கரைந்துபோகிறது. தந்தையின் கட்டளைப்படி மகன் பரசுராமன் அவள் தலையை வெட்டுகிறான். பிறகு வரம் கேட்டு உயிர்ப்பிக்கிறான். நாட்டார் வடிவத்தில் அவசரத்தில் தலையும் உடலும் மாறிவிடுகின்றன. ரேணுகையின் தலை இன்னொரு பெண்ணின் உடலோடு சேர்கிறது. பல அம்மன் கோவில்களில் கருவறையில் தலை மட்டும் வைத்து வணங்குவதற்கு இந்தக் கதையைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள்.

செய்யாத தவறுக்குத் தண்டனை பெற்றவள் என்பதால் அவளிடம் சூடும் உண்டு, பிறர் வலியை அறிந்த கனிவும் உண்டு. அவளுக்குப் படைப்பதெல்லாம் குளிர்ச்சியாக இருப்பது அதனால்தான்: வேப்பிலை, மஞ்சள் நீர், இளநீர், கூழ், தயிர்ச்சோறு, பானகம். மழையும் அவள் பொறுப்பு. பங்குனி, சித்திரை வெயிலில், அம்மை பரவும் பருவத்தில், கோடை மழைக்கு முன்பாகத் திருவிழா வருவது தற்செயலாக அமைந்ததில்லை.

அம்மை போட்டவரை டாக்டரிடம் காட்டினால் தெய்வக் குற்றமா?

இல்லை. கட்டாயம் காட்டுங்கள். பெரியம்மை இந்தியாவில் 1975-க்குப் பிறகு இல்லை. 1980-ல் உலகம் முழுவதுமே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. இன்று வருவது பெரும்பாலும் சின்னம்மை. கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்து, எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும் வரை அது அடுத்தவருக்குத் தொற்றும். வாசலில் வேப்பிலை செருகுவது, விருந்தாளியை உள்ளே விடாதது, வீட்டார் வெளி விசேஷத்துக்குப் போகாதது எல்லாமே தனிமைப்படுத்தும் ஏற்பாடுகள். அவற்றை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

விட வேண்டியவை மூன்று. காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. குழந்தைகளுக்கு மூளையையும் கல்லீரலையும் தாக்கும் கேடு வரலாம். கர்ப்பிணி, கைக்குழந்தை, பெரியவர்கள் இவர்களுக்கு அம்மை கண்டால் ‘தானே இறங்கிவிடும்’ என்று காத்திருக்கக் கூடாது; வைரஸ் மருந்தைத் தொடக்கத்திலேயே கொடுத்தால்தான் பலன். மூன்றாவது இந்த ஊருக்கே உரியது: தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளில் வேப்பிலை, மஞ்சள் போட்ட தண்ணீரை வெயிலில் வைத்தால் போதும் என்பது சமவெளி வழக்கம். உதகைக் குளிரில் அது சூடாகாது. அடுப்பில் வைத்து வெதுவெதுப்பாக்கியே ஊற்றுங்கள்.

உதகை மாரியம்மன் கோவிலில் மாரியம்மனும் காளியம்மனும் ஒரே கருவறையில் இருப்பது ஏன்?

பொறுப்பைப் பிரித்துப் பாருங்கள். காளி போர்க்களத்துக்கு வந்தவள். தேவி மாகாத்மியத்தில் சண்டன், முண்டன் என்ற அசுரர்கள் நெருங்கும்போது அம்பிகையின் நெற்றியிலிருந்து கருத்த உருவத்தோடு காளி வெளிப்படுகிறாள். அடுத்து வருபவன் ரத்தபீஜன். அவன் ரத்தம் ஒரு சொட்டு தரையில் விழுந்தால் அங்கே இன்னொரு ரத்தபீஜன் எழுவான். வெட்ட வெட்டப் பெருகும் எதிரியை வாளால் முடிக்க முடியாது. ஆகவே காளி நாக்கை நீட்டி, ஒரு சொட்டும் மண்ணில் படாமல் குடித்துவிடுகிறாள். தொங்கும் நாக்கைக் கண்டு பயப்படுகிற குழந்தைக்கு இந்தக் கதையைச் சொல்லிக் கொடுங்கள். அந்த நாக்கு பரவுவதைத் தடுக்கிற கருவி.

பகையை அழிப்பவள் ஒருத்தி, நோயை ஆற்றுகிறவள் இன்னொருத்தி. சந்தையைச் சுற்றி வளர்ந்த ஊருக்கு இரண்டு காவலும் வேண்டியிருந்தது. அதே வளாகத்தில் காட்டேரியம்மனுக்கும் சன்னதி உண்டு. சமவெளியில் காட்டேரி என்றால் குழந்தையைத் தூக்கும் பேய் என்று மிரட்டுவார்கள். இங்கே அவள் குழந்தைகளைக் காக்கும் பொறுப்பில் அமர்ந்திருக்கிறாள். பயமுறுத்தியதையே காவலுக்கு வைத்துக்கொள்வது நம் நாட்டார் வழிபாட்டில் பழைய முறை.

உதகை மாரியம்மன் தேர் மீது உப்பு வீசுகிறார்களே?

நேர்த்திக்கடன். உப்பு கரைவது போல நோயும் துன்பமும் கரைய வேண்டும் என்பது வேண்டுதல். கல்லுப்பை ஒரு கைப்பிடி மட்டும் எடுத்து, தேரின் மேல்பகுதி நோக்கி மேலாக வீசுங்கள். எதிரில் நிற்பவர் முகத்துக்கு நேராக வீசினால் கண்ணில் பட்டுவிடும். கூட்டத்தில் அடிக்கடி நடப்பது இதுதான்.

உதகையில் கூழ் புளிக்கவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

அளவிலிருந்து தொடங்குவோம். கேழ்வரகு மாவு 1 கிலோ, தண்ணீர் 3 லிட்டர், அரிசி நொய் கால் கிலோ. சமவெளியில் மாவைக் கரைத்து ஓர் இரவு வைத்தால் புளித்துவிடும். புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் 30 டிகிரி வாக்கில்தான் நன்றாக வேலை செய்யும். உதகையில் ஏப்ரல் இரவிலும் 10, 12 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஆகவே திருவிழாவுக்கு முதல் நாள் கரைத்தால் போதாது. ஒன்றரை நாள் முன்பே கரையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, பழைய கூழோ புளித்த தோசை மாவோ ஒரு கரண்டி சேர்த்து, பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி அடுப்பு மேடை ஓரமாக வையுங்கள். மேலே சிறு குமிழிகள் வந்து புளித்த வாசம் அடித்தால் தயார்.

அடுத்த சிக்கல் நொய். 2,200 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடுவதால் நொய் வேகத் தாமதமாகும். ஒரு மணி நேரம் முன்பே ஊறவையுங்கள். 4 லிட்டர் தண்ணீரில் நொய் குழைய வெந்த பிறகுதான் புளித்த மாவை ஊற்ற வேண்டும்; நொய் முழுதாக இருக்கும்போது மாவை விட்டால் பிறகு அது வேகவே வேகாது, பல்லில் நறநறக்கும். தீயைக் குறைத்து, ஒருவர் ஊற்ற இன்னொருவர் துடுப்பால் விடாமல் கிளற வேண்டும். கை ஓய்ந்தால் கட்டி தட்டும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டாத பதத்தில் இறக்குங்கள். மறுநாள் தயிரோ மோரோ விட்டுக் கரைத்து, உப்பும் நறுக்கிய சின்ன வெங்காயமும் சேர்த்தால் ஐம்பது டம்ளருக்குக் குறையாது.

மாவிளக்கு பாதியில் அணைந்துவிடுகிறது.

பெரும்பாலும் நெய் உறைவதுதான் காரணம். இந்தக் குளிரில் குழிக்குள் விட்ட நெய் இறுகிவிடும். திரி உறிஞ்சுவதற்கு ஒன்றும் இருக்காது. நெய்யை உருக்கி, தடித்த பஞ்சுத்திரியை அதில் பத்து நிமிடம் ஊறவைத்து, ஏற்றுவதற்குச் சற்று முன் சூடான நெய்யைக் குழியில் விடுங்கள்.

மாவுக்குப் பச்சரிசி 1 கிலோ, வெல்லம் அரைக் கிலோவிலிருந்து 600 கிராம், ஏலக்காய் பத்து. அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் நிழலில் உலர்த்தி, கையில் லேசாக ஈரம் தட்டும்போதே இடித்துச் சலிக்க வேண்டும். முழுக்கக் காய்ந்துவிட்டால் உருண்டை பிடிபடாது, உதிரும். மழைக்காலத்தில் வெல்லம் தானே நீர் விடும். அப்போது 450 கிராமுக்கு மேல் போடாதீர்கள், இல்லையென்றால் மாவு தளர்ந்து குழி சரிந்துவிடும்.

ஹெத்தையம்மன் பார்வதியின் அவதாரமா?

அப்படி எழுதிய துண்டறிக்கைகளைப் பார்க்கிறோம். அது தேவையில்லை என்பது எங்கள் உறுதியான எண்ணம். ஹெத்தை, நீலகிரியில் வாழும் படுகர் சமூகத்தாரின் மூதாய். மனிதப் பெண்ணாக வாழ்ந்து தெய்வமானவள். கதை ஹட்டிக்கு ஹட்டி (ஹட்டி என்றால் படுகர் ஊர்) மாறும். அவளுக்கு அசுரனும் இல்லை, ஆயுதமும் இல்லை. அவள் பொறுப்பு குலம்: திருமணம், பிள்ளைப்பேறு, உறவு முறை, சொன்ன சொல். அதற்கேற்ற குணமும் வீட்டின் மூத்த பாட்டிக்குரியது. கண்டிப்பும் வாஞ்சையும் சேர்ந்தது.

ஹெத்தை ஹப்பா என்ற அவள் திருவிழா மார்கழியில், அதாவது டிசம்பர், ஜனவரியில் வரும். கோத்தகிரி அருகே பேரகணியில் நடப்பது மிகப் பெரியது; அன்று மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவார்கள். விரதம் இருப்பவர்கள் வெள்ளை உடுத்தி, செங்கோலும் குடையும் ஏந்தி, வெறுங்காலில் ஊர் ஊராக நடந்து வருவார்கள். நீங்கள் போவதானால் நிற உடையைத் தவிருங்கள். ஆண்களுக்கு வெள்ளை வேட்டி, சட்டை, பெண்களுக்கு வெள்ளைச் சேலை போதும். படுகப் பெண்கள் கட்டும் முண்டு என்ற துணியைப் பார்த்துக் கட்டிக்கொள்ள முயல வேண்டாம். அது அவர்களுடைய அடையாளம். காணிக்கை செலுத்த வரிசை நீளும். காலைக் குளிர் கடுமையாக இருக்கும். வெறுங்காலில் நிற்க வேண்டியிருப்பதால் வயதானவர்களை வெயில் ஏறிய பிறகு அழைத்து வாருங்கள்.

தோடர்களுக்குப் பெண் தெய்வம் உண்டா?

உண்டு, அதுவும் தலைமைத் தெய்வம். அவள் பெயர் தெய்கிர்ஷி. 1901, 1902-ல் இங்கே ஆய்வு செய்த ஆங்கிலேய மானிடவியலாளர் ரிவர்ஸ் எழுதிவைத்த கதையில், ஓன் என்ற தெய்வமும் அவன் மனைவியும் குந்தா மலை உச்சியில் பூமிக்குள்ளிருந்து எருமைகளை வரவழைக்கிறார்கள். ஓன் அழைத்தவை 1600, மனைவி அழைத்தவை 1800. ஓன் அழைத்த கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவன்தான் முதல் தோடன். பிறகு மகன் இறந்துவிட, அவனைப் பிரிய முடியாமல் ஓன் மேற்கே உள்ள இறந்தோர் உலகுக்குப் போய் அதற்குத் தலைவனாகிறான். உயிரோடு இருப்பவர்களின் உலகம் தெய்கிர்ஷியின் கைக்கு வருகிறது. எந்த எருமை புனிதமானது, எது சாதாரணமானது, எந்தக் குலத்துக்கு எது, பால்மனையில் (பால் கறந்து வைக்கும் புனித இடம்) எந்தச் சடங்கு என்று வகுத்தவள் அவள். நாட்டை நடத்தும் நிதானம் அவள் குணம்.

துர்க்கையோடு சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். புராணத்தில் தேவி எருமைத்தலை அசுரனைக் கொல்கிறாள். எருமையை நம்பியே வாழ்ந்த மந்தில் (தோடர் குடியிருப்பில்) தெய்வம் எருமையைத் தருகிறாள், பங்கிடுகிறாள். ஒரே விலங்கு, வாழ்க்கைமுறை வேறு என்பதால் தெய்வத்தின் வேலையும் வேறாகிறது.

உதகையில் முத்தநாடு மந்தில் கூம்பு வடிவக் கோவிலை வெளியே நின்று பார்க்கலாம். வேலிச் சுவரைத் தாண்டாதீர்கள். பால்மனைக்குள் பெண்கள் போவதில்லை என்ற கட்டுப்பாடு அவர்களுக்கே உண்டு. ‘எட்டிப் பார்க்கிறேன்’ என்று வெளியார் போவது சரியில்லை.

கோத்தர்களுக்கு?

அய்யனோர், அம்மனோர் என்று தந்தையும் தாயுமாகச் சேர்த்தே வணங்குகிறார்கள். தனித்த பெண் தெய்வக் கோபக் கதைகள் இங்கே முதன்மை பெறுவதில்லை. ஊரின் நலம் இருவருக்கும் பொதுப் பொறுப்பு. ஜனவரி வாக்கில் கோக்கால்களில் (கோத்தர் ஊர்களில்) நடக்கும் திருவிழாவில் ஆண்கள் ஆட்டத்தோடு பெண்கள் ஆட்டமும் வழிபாட்டின் பகுதியாக இருக்கும். குழலும் பறையும் அவர்களே வாசிப்பார்கள். அழைப்பில்லாமல் படம் எடுக்க வேண்டாம்.

கொற்றவையும் துர்க்கையும் ஒன்றா?

இன்று ஒன்றாகிவிட்டார்கள்; தொடக்கத்தில் அப்படி இல்லை. கொற்றவை பாலை நிலத்துத் தெய்வம், வெற்றிக்குரியவள். திருமுருகாற்றுப்படை முருகனைக் கொற்றவை மகன் என்றும் பழையோள் குழந்தை என்றும் அழைக்கிறது. அந்தக் காலத்திலேயே அவள் பழையவள். சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில் எயினர் தங்கள் குலக் குமரியைக் கொற்றவையாக ஒப்பனை செய்வதைப் படித்துப் பாருங்கள்: கூந்தலைப் பாம்பு போன்ற கயிற்றால் உயர்த்திக் கட்டி, காட்டுப்பன்றியின் வளைந்த கொம்பைப் பிறையாகச் செருகி, புலிப்பல்லைக் கோத்துத் தாலியாகப் பூட்டி, கலைமான் மீது ஏற்றுகிறார்கள். தேவலோக நகை ஒன்றுகூட இல்லை. எல்லாம் வேடர் கைக்குக் கிடைத்தவை. பிற்காலத் துர்க்கைச் சிலையில் சிங்கத்தோடு மானும் நின்றால், அந்த மான் கொற்றவையிடமிருந்து வந்தது.

பழனி மலைப் பக்கம் பெண் தெய்வம் யார்?

முருகன் பெயர் பெரிதாக இருப்பதால் வள்ளியை மனைவி என்று மட்டும் நினைத்துக்கொள்கிறோம். அவள் குறிஞ்சிப் பெண். தினைப்புனத்தில் பரணில் நின்று கவணெறிந்து கிளி ஓட்டுகிறவள். வேடனாக வந்தவனை விசாரித்து, மறுத்து, பிறகு தானே தேர்ந்து களவு மணம் புரிகிறாள். தெய்வயானை தந்தை கொடுத்த கற்பு மணம். இரண்டு மண முறைக்கும் ஒவ்வொரு தேவி. மலையில் வாழும் பளியருக்குப் பளிச்சியம்மன் உண்டு. காட்டுக்குள் தேனுக்கும் கிழங்குக்கும் போகிறவர்களின் காவல் அவள்.

சப்த கன்னிமாரும் சப்த மாதரும் ஒருவரேயா?

பிராமி, மகேசுவரி, கௌமாரி, வைணவி, வாராகி, இந்திராணி, சாமுண்டி எழுவரும் சப்த மாதர். சாமுண்டி தவிர ஒவ்வொருவரும் ஒரு தேவனின் ஆற்றல். வாகனமும் ஆயுதமும் உண்டு. ஓடைக் கரையில் ஏழு கல்லாக நிற்கும் கன்னிமாருக்குத் தனித்தனிப் பெயர் பெரும்பாலும் இருக்காது, நீர்நிலையைக் காப்பவர்கள். நீர் ஊற்றில் சோப்புப் போடுவதையும் கர்ப்பூரக் கவரை எறிவதையும் நிறுத்தினாலே அவர்களுக்கு உரிய மரியாதை கிடைத்துவிடும்.

மூதேவியைக் கும்பிடலாமா?

ஒரு காலத்தில் கும்பிட்டார்கள். தவ்வை, சேட்டை என்ற பெயர்களில் காக்கைக் கொடியும் துடைப்பமும் கொண்ட அவள் சிலைகள் பல்லவர், சோழர் காலக் கோவில்களில் உண்டு. பாற்கடலில் திருமகளுக்கு முன் பிறந்த அக்கா. பொறாமைக்காரனைத் திருமகள் தன் தவ்வைக்குக் காட்டிவிடுவாள் என்கிறது குறள். சோம்பல், பொறாமை இருக்கும் இடத்துக்கு அவள் வருகிறாள் என்பதுதான் கருத்து. அவளை வசைச் சொல்லாக்கிப் பெண் பிள்ளைகளைத் திட்டுவது பிற்கால வழக்கம்.

வேறு நாட்டுப் பழங்கதைகளில் இப்படி உண்டா?

எகிப்தின் சேக்மெத், மாரியம்மனுக்கு மிக நெருங்கியவள். பெண்சிங்கத் தலை, கொள்ளைநோயை அனுப்புகிறவளும் அவளே, மருத்துவர்கள் வணங்கியவளும் அவளே. மனிதர்களைத் தண்டிக்கப் போன தேவி நிறுத்த மறந்து கொன்றுகொண்டே போக, 7000 சாடி பீரில் செம்மண் நிறத்தைக் கலந்து வயலெங்கும் ஊற்றுகிறார்கள். ரத்தம் என்று நினைத்துக் குடித்து மயங்கித் தணிகிறாள். சீற்றத்தைப் பானம் கொடுத்து ஆற்றும் முறை நமக்குப் புதிதா என்ன!

சுமேரில் இனன்னா காதலுக்கும் போருக்கும் தேவி. அவள் அக்கா எரேஷ்கிகல் இறந்தோர் உலகை ஆள்கிறாள். கிரேக்கத்துத் திமீட்டர் தானியத்தின் தாய். மகளைப் பாதாளத்துக்குக் கொண்டுபோனதும் துக்கத்தில் நிலத்தை விளையவிடாமல் செய்கிறாள்.

எஸ்டேட் லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இவ்வளவு மாரியம்மன் கோவில்கள் எப்படி வந்தன?

சமவெளியிலிருந்து கூட்டிவரப்பட்ட தொழிலாளர்கள் ஊர் மண்ணோடு தெய்வத்தையும் கொண்டுவந்தார்கள். 1964-ல் சாஸ்திரி, சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள் கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கம் குடியேறினார்கள். அவர்களுக்காகவே 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. இலங்கை மலையகத்தில் எடுத்த கரகத்தை இங்கேயும் எடுக்கிறார்கள். அட்டை, பாம்பு, கரடி, சிறுத்தைக்கு நடுவே கொழுந்து பறிப்பவர்களின் அம்மனுக்கு அம்மையோடு இந்தக் காவலும் சேர்ந்துகொண்டது.

மசினகுடி அருகே பொக்காபுரம் திருவிழாவுக்குப் போக என்ன கவனிக்க வேண்டும்?

மாசியில், பிப்ரவரி, மார்ச்சில் வரும். கோவில் இருப்பது முதுமலை புலிகள் காப்பகத்தை ஒட்டிய யானைக்காட்டில். ஆகவே வனத்துறை அந்தந்த ஆண்டு சொல்லும் நேரத்தையும் வழியையும் மீறாதீர்கள். ஓடைக் கரையில் தனியாகக் கூடாரம் போட வேண்டாம். மீந்த சோறு, பழத்தோல், கரும்புச் சக்கையை அங்கேயே கொட்டினால் இரவில் யானை வரும். பையில் கட்டித் திரும்பக் கொண்டுவாருங்கள். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை உண்டு. அன்னதானத்துக்கு மந்தாரை இலையோ பாக்குமட்டைத் தட்டோ எடுத்துவாருங்கள். வெளி மாவட்ட வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்திருக்கிறது. கிளம்புவதற்கு முன் இணையத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அரசுப் பேருந்தில் வந்தால் அது தேவையில்லை.